வீட்டில் எத்தனை பேர்

குட்டிம்மா,

நீ அசந்து தூங்குகிறாய், எழுப்ப மனசு வரவில்லை. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இன்று எனக்குக் காலை ஷிஃப்ட். சோறு குக்கரில் இருக்கிறது. முட்டை மட்டும் பொரித்துக்கொள்.

உன் உதவித்தொகை விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்த கல்லூரி அலுவலகத்து அம்மா, இரண்டு இடத்தைச் சரிபார்க்கச் சொல்லிப் போன் பண்ணியிருந்தார். இரண்டையும் திருத்திவிட்டேன். குடும்பத்தில் மூன்று பேர் என்று போட்டிருந்தாய். நேற்று அதை இரண்டாக்கியதற்குத்தான், "அப்பாவை நீயே அடிச்சுட்டியா?" என்று கத்தினாய். அவர் தனிவீடு பார்த்துப் போய் வருஷமாகிறது, கண்ணு. அவர் உன் அப்பா இல்லையென்று நான் எங்கேயும் எழுதவில்லை.

இன்னொன்று, 'வீட்டிலிருந்து வந்துபோவேன்' என்பதில் டிக் அடித்திருந்தாய். தினமும் இரண்டு பஸ் மாறியா? எனக்காகத்தான் என்று தெரியும். இன்று காலையில் அதை அடித்துவிட்டு 'விடுதி' என்று மாற்றினேன். கோபித்துக்கொள், பரவாயில்லை. மதியத்துக்குள் கையெழுத்துப் போட்டு அலுவலகத்தில் கொடுத்துவிடு.

சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடு.

அம்மா

பி.கு.: ஒன்று சொல்ல விட்டுப்போச்சு. "அவ விடுதிக்குப் போயிட்டா, வீட்டுல ஒரு ஆள்னு போடணுமா மேடம்?" என்று போனில் கேட்டேன். அந்த அம்மா, "எங்க தங்கினாலும் அவ உங்க வீட்டுப் பொண்ணுதாம்மா. ரெண்டுன்னே போடுங்க" என்றார். அந்த இரண்டு அழுத்தமாக விழுந்திருந்தால், அதனால்தான்.