பதினொன்றாம் நம்பர்

1996, ஐப்பசி. செவ்வாய் இரவு.

என் மனைவி செல்லம்மாளின் வலது கண்ணில் வைத்த லென்ஸுக்கான பணத்தை இன்சூரன்ஸ்காரர்கள் முழுதாக வெட்டிவிட்டார்கள். காரணம் எழுதவில்லை. அவர்கள் அனுப்பிய கடிதத்தில் அந்தத் தொகைக்கு நேரே 11 என்று ஓர் எண் மட்டும் இருக்கிறது. அந்தப் பணம் வந்தால்தான் அவளுடைய இடது கண் ஆபரேஷனுக்கு நாள் குறிக்க முடியும்.

அகராதியை வைத்துக்கொண்டு பாலிசியை மூன்று நாள் படித்தேன். அதில் பதினொன்று இல்லை. இன்று பாளையங்கோட்டை அலுவலகத்துக்கே போனேன். கிளார்க் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த பட்டியலில் விரலை ஓட்டினான்.

"அசல் பில் வரலைன்னு அர்த்தம் அண்ணாச்சி. நீங்க ஜெராக்ஸ்லா வச்சிருக்கிய."

"அதை ஒரு வரி எழுதினா கை தேஞ்சா போவும்வே?"

"எங்களுக்கே நம்பர்தான் வருது. மதினிக்குக் கண்ணு இப்ப எப்படி இருக்கு?"

குடையை எடுத்துக்கொண்டு படி இறங்கினேன்.

அசல் எதையும் நான் வீட்டை விட்டு வெளியே விடுவதில்லை. ஒருமுறை பத்திரத்தைத் தாலுகா ஆபீசில் கொடுத்துவிட்டு இரண்டு வருடம் அலைந்திருக்கிறேன். செல்லம்மாள் சிரிக்கிறாள். "அந்த பில்லைச் சட்டம் போட்டு மாட்டவா போறிய?"

இருந்தாலும் தவறு அவர்களுடையதுதான். பட்டியல் அவர்கள் கண்ணாடிக்கு அடியில் கிடந்தால் எனக்கு எப்படித் தெரியும்?

நாளை அசலை நானே கொண்டுபோக வேண்டும். கிளார்க் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் சீலும் போட வேண்டும். மானேஜர் அந்தப் பட்டியலைத் தமிழில் எழுதி வாசலில் ஒட்ட வேண்டும். ஒட்டும்வரை நான் நகரமாட்டேன். செல்லம்மாள் ஒன்றும் செய்ய வேண்டாம். இடது கண்ணைக் கசக்காமல் இருந்தால் போதும்.