நாலாவது தொப்பி

என் ஆசைச் சரோவுக்கு,

சாவகச்சேரி பஸ்ஸில் இருந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் றோட்டைத் திட்டும், என்னைத் திட்டாதேயும். மடியில் உம்முடைய கிரீஸ் பம்ப். பக்கத்துச் சீற்றுக்காரர் அதைப் பார்த்துவிட்டுத் தள்ளியே இருக்கிறார்.

நீர் போய் எட்டு மாதம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த கையோடு மகள் கேட்டாள், "அம்மான்ரை மோட்டசைக்கிளை என்னப்பா செய்யிறது? பாக்கத் தெரியாட்டி வித்துப்போடுவம்." மருத்துவிச்சி வேலைக்கு நீர் ஊர் ஊராய் ஓடிய வண்டியை வேறு யாரோ உதைத்து ஸ்டார்ட் பண்ணுவதா? "ஏன் விக்கிறாய்? கொம்மா செய்தமாதிரி நான் பாப்பன்" என்று வாய்விட்டேன். இப்போது மானிப்பாயிலிருந்து சாவகச்சேரி நீதிமன்றத்துக்கு, எழுதுவினைஞர் வேலைக்கு, தினமும் அவள் அதில்தான் போகிறாள்.

செயின் வண்டி என்றால் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுவிட்டுப் போகலாம். இது ஷாஃப்ட் வண்டி. பின்சில்லைச் சுழற்றும் தண்டின் நுனியில் சிலுவை போல ஒரு மூட்டு. அதற்கு நாலு முனை, நாலு தொப்பி. நடுவிலுள்ள நிப்பிள் என்ற சின்னத் துளையால் கிரீஸ் அடித்தால் நாலு தொப்பியாலும் கறுத்த பழைய கிரீஸ் பிதுங்கி வரவேண்டும். ஒன்று காய்ந்தாலும் மூட்டு தேய்ந்து உடையும், ஓடும்போதே சில்லு இறுகிவிடும். இதெல்லாம் நீர் சொல்லித்தான் தெரியும். நான் செய்தது சில்லுச் சுற்றியது மட்டும்.

ஞாயிற்றுக்கிழமை தனியாக அடித்தேன். மூன்றால் வந்தது. நாலாவதால் வரவில்லை. கை வலிக்க வலிக்க அடித்தும் அசையவில்லை, சனியன். இன்று காலை மகள் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டே, "கிரீஸ் எல்லாம் சரியோ அப்பா?" என்றாள். "ஓம் பிள்ளை, எல்லாம் போட்டாச்சு." அவள் கியரை மாற்றியபோது கீழே 'டக்' என்று ஒரு சத்தம். கேட்டும் நான் கேற்றைச் சாத்தினேன்.

பிறகு இருப்புக் கொள்ளுமோ? தேத்தண்ணி வைத்தேன், குடிக்கவில்லை. நாலு தரம் போன் அடித்தேன், எடுக்கவில்லை. வழக்கு நடக்கும்போது கோட்டுக்குள் போனை நிற்பாட்டி வைப்பாள், தெரியும். தெரிந்தும் என்ன? பஸ் ஏறிவிட்டேன். இப்போது நுணாவிலில் றோட்டோரம் ஒரு கூட்டம். எழும்பி எட்டிப் பார்த்தேன். மாம்பழம் விற்கிறார்கள்.

சரோ, என் இடத்தில் நீர் என்றால் பொய் சொல்லியிருப்பீரோ?

மிச்சத்தை வீட்டுக்கு வந்து எழுதுகிறேன். வண்டி கோட்டு வளவில் வேம்பின் கீழ் நின்றது. கண்டதும் அதன் பக்கத்திலேயே குந்திவிட்டேன். மத்தியானம் வெளியே வந்த மகள் பதறிப்போனாள்.

"என்னப்பா, ஆருக்கு என்ன?"

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. நாலாவதுக்குக் கிரீஸ் போகேல்லை. பொய் சொல்லிப்போட்டன்."

உம்முடைய அதே முறைப்பு. "நான் விழுந்து செத்திருந்தா?" என்றாள். "தெரியாதெண்டு சொன்னா நீ வித்துப்போடுவாய்" என்றேன். சொல்லும்போதே வெட்கமாய் இருந்தது.

சீலையைச் செருகிக்கொண்டு அவளும் குந்தினாள். "அம்மா அடிக்கேக்கை நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

"சில்லைச் சுத்துவன். நில்லுங்கோ எண்டுவா, நிப்பன். பிறகு ஆட்டுங்கோ எண்டுவா, முன்னும் பின்னும் ஆட்டுவன்."

"ஏன் ஆட்டச் சொன்னவ?"

அதை நான் ஒருநாளும் கேட்டதில்லை. சும்மா நிற்கவிடாமல் வேலை வைக்கிறீர் என்றே இத்தனை வருடமும் நினைத்தேன். மகள் வண்டியைக் கியரில் விட்டுச் சில்லைப் பிடித்து ஆட்டினாள். நான் அடித்தேன். அந்த ஆட்டத்தில் மூட்டின் இறுக்கம் விட்ட நொடியில் நாலாவது தொப்பியாலும் கறுப்பாகப் பிதுங்கி வந்தது. அழுதுவிட்டேன், சரோ. கோட்டுக்கு வந்த சனம் வழக்கில் தோற்றவன் என்று நினைத்திருக்கும்.

பின்னேரம் வேலை முடிய அவளுடைய பின்சீற்றில் ஏறி வந்தேன். மெல்லத்தான் ஓட்டினாள். "விக்கிறேல்லை. ஆனா இனி உந்த வேலையை நீங்கள் தனியச் செய்யிறேல்லை" என்றாள். ஒவ்வொரு கியருக்கும் நான் காதைக் கீழே கொடுத்துக்கொண்டே இருந்தேன். 'டக்' இன்னும் இருக்கிறது. தேய்ந்தது தேய்ந்ததுதான், புது மூட்டுப் போடவேண்டும். அதுவரை அவள் பஸ்ஸில் போகிறாள். சனிக்கிழமை இரண்டு பேருமாகக் கழற்றுகிறோம்.

உமக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இனி மூன்றால் வந்தால், மூன்று என்றே சொல்வேன்.

சில்லுச் சுற்றுகிற
உம்முடைய மனுசன்