குடிக்காதவர் வாங்கிய ஒயின்

லண்டன்,
12 நவம்பர் 2023

என் பிரதீபாவுக்கு,

இங்கே குளிர் காதைக் கடிக்கிறது. மற்றபடி உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் அம்மாவும் அப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்?

தினமும் போனில் பேசுகிறோம்தான். ஆனால் உன் பக்கத்தில் எப்போதும் அம்மா, என் பக்கத்தில் அறையில் இருக்கிற பையன்கள். மனதில் இருப்பதைச் சொல்ல முடிவதில்லை. அதனால்தான் இந்த மெயில்.

படிப்பு முடித்து எனக்கு வேலை கிடைத்ததும் தெரு முழுக்க இனிப்பு கொடுத்தாய். என்ன வேலை என்று நான் உன்னிடம் சரியாகச் சொல்லவில்லை. ஒயின் விற்கிறேன். கடையில் இல்லை, வெப்சைட்டிலும் போனிலும். வாங்குகிறவர்கள் குடிப்பதற்காக வாங்குவதில்லை. பெட்டி எங்கள் குடோனிலேயே இருக்கும். வருஷம் ஆக ஆக விலை ஏறும், அப்போது விற்றால் லாபம் என்று சொல்லித்தான் விற்கிறோம். நகையில் பணம் போடுவது மாதிரி.

போன வாரம் சும்மா இருந்தபோது நெட்டில் பார்த்தேன். நாங்கள் மூவாயிரம் பவுண்டுக்கு விற்கிற அதே பெட்டி, அதே வருஷத்து ஒயின், வேறு கடையில் ஆயிரத்துக்குக் கிடக்கிறது. மேனேஜரிடம் கேட்டேன். "உன் வேலை பேசுவது, ஒப்பிட்டுப் பார்ப்பது இல்லை" என்றார். யாராவது ஒரு பெட்டி விற்றால் ஆபீஸில் மணி அடித்துக் கைதட்டுகிறார்கள். எனக்குக் கைதட்டும்போது எங்கே பார்ப்பது என்றே தெரியவில்லை.

என்ன செய்வது? இவர்கள் ஸ்பான்சர் செய்வதால்தான் எனக்கு விசா. நீ இங்கே என்னோடு வந்து இருப்பதற்கான விசா பேப்பரையும் இவர்கள்தான் தர வேண்டும்.

உன்,
ஜெயபால்


நாகப்பட்டினம்,
26 நவம்பர் 2023

அன்புள்ள உங்களுக்கு,

இங்க விடாம மழை. படகு எதுவும் கடலுக்குப் போகல. மாமா, வீட்டுக்கும் துறைமுகத்துக்குமா நடந்துக்கிட்டே இருக்காங்க. அத்தைக்கு முட்டி வலி. நான் ஸ்கூலுக்குப் போயிட்டு வர்றேன், நனைஞ்ச சேலையோட ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துறேன்.

உங்க மெயிலைப் படிச்சேன். ஒயினைப் பத்தி இவ்வளவு எழுதியிருக்கீங்க, என்னைப் பத்தி ரெண்டு வரி. அதுவும் விசா பேப்பர் பத்தி.

நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. மூவாயிரம் பவுண்டு கொடுத்து குடிக்காத சாராயத்தை வாங்குறவங்க நம்ம மாதிரி ஆளா? பணம் மிச்சம் கிடக்கிற வெள்ளைக்காரங்க. அவங்க ஏமாந்தா ஏமாறட்டும். எங்க அண்ணன் பிடிச்சுட்டு வர்ற வஞ்சிரத்தை இங்க ஏலத்துல என்ன விலைக்கு எடுக்கிறாங்க, சென்னையில போன்ல ஆர்டர் போட்டா என்ன விலைக்குக் கொடுக்கிறாங்கன்னு உங்களுக்கே தெரியும். நடுவுல நிக்கிறவன் எல்லா ஊர்லயும் அப்படித்தான்.

என் பேப்பர் வர்ற வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருங்க. நான் அங்க வந்தப்புறம் ரெண்டு பேரும் வேற வேலை தேடலாம். மீன் வாங்கப் போனாக்கூட "எப்ப லண்டன்?"னுதான் எல்லாரும் கேக்கிறாங்க. எனக்குப் பதில் சொல்லி மாளல.

காதுக்கு மஃப்ளர் கட்டுங்க.

இப்படிக்கு,
பிரதீபா


லண்டன்,
25 பிப்ரவரி 2024

என் பிரதீபாவுக்கு,

நீ விசாவுக்கான மெடிக்கல் டெஸ்ட்டுக்குச் சென்னை போய் வந்ததை அம்மா சொன்னாள். பஸ்ஸில் அலைந்து களைத்திருப்பாய். அதைக் கேட்டுச் சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் இதை எழுதுகிறேன்.

டிசம்பரில் மேனேஜர் என்னிடம் புதுப் பட்டியல் ஒன்று கொடுத்தார். எல்லாம் தமிழ்ப் பெயர்கள். "உன் பாஷையில் பேசு, உன்னை நம்புவார்கள்" என்றார். அதில் கனகரத்தினம் என்று ஒருவர். யாழ்ப்பாணத்துக்காரர், தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் நாகப்பட்டினம் என்றதும், "அப்ப கடலுக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் நீங்கள்" என்று சிரித்தார். குடிக்கவே மாட்டாராம். "நீங்கள் சொல்லுறீங்கள் தம்பி, நான் வாங்குறன்" என்று ஒரு பெட்டி வாங்கினார். எனக்கு மணி அடித்தார்கள்.

இப்போது அவர் மனைவிக்குப் பக்கவாதம். வீட்டில் ஆள் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. பெட்டியை விற்றுத் தரச் சொல்கிறார். விற்றால் ஆயிரம் கிடைப்பதே கஷ்டம். அதை அவரிடம் சொல்லக் கூடாதாம். "வாங்க ஆள் தயார், ஆனால் அந்த ஆளுக்கு ஜோடியாக இரண்டு பெட்டி வேண்டும், இன்னொன்றும் வாங்கினால் சேர்த்து நல்ல விலைக்கு விற்றுத் தருகிறோம் என்று சொல்" என்கிறார் மேனேஜர். அப்படி ஓர் ஆளே கிடையாது பிரதீபா. நான் தெளிவாகக் கேட்டுவிட்டேன். சிரித்தார்.

நான்தான் அவரைக் கூப்பிட்டுப் பேச வேண்டும். கை ஓடவில்லை, இரண்டு வாரமாக ஏதேதோ சொல்லித் தள்ளிப்போடுகிறேன். என்ன செய்யட்டும்? நீ சொல்.

உன்,
ஜெயபால்


நாகப்பட்டினம்,
3 மார்ச் 2024

அன்புள்ள உங்களுக்கு,

நான் வேலையை விடுறதா எழுதிக் கொடுத்துட்டேன். இந்த மாசத்தோட சரி. ஹெச்.எம். ஆனந்தவல்லி மேடம் என் இடத்துக்கு வேற டீச்சரையும் பார்த்துட்டாங்க. உங்க கம்பெனி பேப்பர் மார்ச் கடைசியில வந்துடும்னு நீங்கதானே சொன்னீங்க?

அந்தப் பெரியவரை நினைச்சா எனக்கும் சங்கடமாத்தான் இருக்கு. ஆனா நீங்க பேசலைன்னா பக்கத்து சீட்டுக்காரன் பேசுவான். அவர் பணம் எப்படியும் திரும்பாது, நம்ம விசாவும் போயிடும். அதுல யாருக்கு என்ன லாபம்?

அந்தப் பொய்யையும் சொல்ல வேண்டாம். உண்மையையும் சொல்ல வேண்டாம். உடம்பு சரியில்லைன்னு லீவு போடுங்க, ஏதாவது பண்ணுங்க. என் பேப்பர் கைக்கு வர்ற வரைக்கும் மட்டும். கேட்டீங்க, சொல்லிட்டேன்.

பிரதீபா


லண்டன்,
24 மார்ச் 2024

பிரதீபா,

போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். அம்மா உனக்கு விஷயத்தைச் சொல்லியிருப்பாள். நானும் சொல்லிவிடுகிறேன்.

உன் மெயிலைப் படித்துவிட்டுத்தான் ஆபீஸ் போனேன். நீ சொன்னபடியே நாலு நாள் லீவும் போட்டேன். ஐந்தாம் நாள் ஆபீஸில் போய் உட்கார்ந்ததும் கனகரத்தினம் ஐயாவே போனில் கூப்பிட்டார். "தம்பி, மற்றப் பெட்டிக்குக் காசு ஆயத்தமா வச்சிருக்கிறன். உங்கட மேனேஜர் சொன்னவர்" என்றார். நான் லீவில் இருந்தபோது மேனேஜரே அவரிடம் பேசியிருக்கிறார்.

"ஐயா, காசைக் கட்டாதீங்க. வாங்க ஆளே கிடையாது. உங்ககிட்ட இருக்கிற பெட்டி நீங்க கொடுத்ததுல மூணுல ஒரு பங்குகூடப் பெறாது" என்றேன்.

"அண்டைக்கு என்னட்ட விக்கேக்க இது உங்களுக்குத் தெரியுமோ?" என்றார்.

"விக்கும்போதே தெரியும் ஐயா" என்றேன்.

"தமிழ்ப் பெடியன் எண்டுதானே நம்பினனான்" என்றார். வேறு என்னென்னவோ சொல்லித் திட்டினார். அவர் மனைவி உள்ளேயிருந்து என்னவென்று கேட்பது எனக்கும் கேட்டது. வைத்துவிட்டார். நன்றி என்று ஒரு வார்த்தை வரும் என்று நான் எதிர்பார்த்தேனோ என்னவோ.

ஆபீஸ் போனில் பேசுகிறதெல்லாம் பதிவாகும். மறுநாளே என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். ஸ்பான்சரும் போச்சு. இரண்டு மாதத்துக்குள் வேறு கம்பெனி கிடைக்காவிட்டால் ஊர் திரும்ப வேண்டும். ஏறி இறங்கிப் பார்த்துவிட்டேன், யாரும் எடுப்பதாக இல்லை. கம்பெனி மேல் போலீஸுக்குப் புகாரும் எழுதிப் போட்டேன். "கிடைத்தது" என்று ஒரு வரி பதில் வந்தது, அவ்வளவுதான்.

உன்னைக் கேட்டுவிட்டு, நீ சொன்னதைச் செய்யாமல் விட்டேன். எப்படித் திட்டினாலும் சரி, எழுது.

ஜெயபால்


தஞ்சாவூர்,
18 ஏப்ரல் 2024

அன்புள்ள உங்களுக்கு,

ஊர்ப் பேரைப் பார்த்து யோசிப்பீங்க. இங்க ஒரு ஸ்கூல்ல வேலை கிடைச்சிருக்கு. பத்தாம் வகுப்புக்குப் போற பிள்ளைங்களுக்கு லீவுலயே கிளாஸ் ஆரம்பிச்சுட்டாங்க. மெடிக்கல் காலேஜ் ரோட்டுல, கூட வேலை பார்க்கிற தமிழ்நிலாவோட ஒரு ரூம்ல தங்கியிருக்கேன். பழைய ஸ்கூல்ல போய் வேலையைத் திரும்பக் கேட்டேன். புது டீச்சரை அனுப்ப முடியாதுன்னு ஆனந்தவல்லி மேடம் வருத்தப்பட்டாங்க. அத்தை அழுதாங்க. மாமா, "போயிட்டு வாம்மா"ன்னு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து ஏத்திவிட்டாங்க. மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பிச்சு படகெல்லாம் கரையில நிக்குது.

திட்டி எழுதணும்னு எத்தனையோ தடவை உக்காந்தேன். நீங்க செஞ்சது தப்புன்னு எழுத வரல. அந்தப் பெரியவர் பணம் கட்டியிருந்தா, அதுல வாங்கின விசாவுல நான் வந்து அந்த ஊர்ல இறங்கியிருப்பேன். அது எனக்குப் புரியுது. புரியுறதாலதான் கோவம் எங்கயும் போகாம எனக்குள்ளயே கிடக்கு. தப்பு செஞ்ச புருஷன் மேல கோவப்படுறது சுலபங்க.

ஆனா ஒண்ணு கேக்கணும். என்ன செய்யட்டும்னு என்னைக் கேட்டீங்க. நான் வேலையை விட்டுட்டு, ஊர் முழுக்கச் சொல்லிட்டு, பயந்து போய் ஒரு பதில் எழுதினேன். அப்படி எழுத வெச்சது நீங்கதான். உங்க மனசுல முடிவு முன்னாடியே இருந்துச்சுன்னா என்னை ஏன் கேட்டீங்க? நல்லவர்ங்கிற பேரு உங்களுக்கு. "பொறுங்க, பேசாதீங்க"ன்னு எழுதின மெயில் மட்டும் என் பேருல இருக்கு.

நீங்க ஊருக்கு வந்ததும் முதல்ல அத்தையைப் போய்ப் பாருங்க. நான் அங்க இருக்க மாட்டேன். எனக்கு ஞாயித்துக்கிழமை லீவு. நாகப்பட்டினத்துலேருந்து காலையில பஸ் ஏறினா மதியத்துக்குள்ள வந்துடலாம். வாங்க. சமைச்சு வைக்கிறேன், சாப்பிடுங்க. அடுத்து என்ன, எந்த ஊர், எந்த வேலைன்னு எதையும் முடிவு பண்ணிட்டு மட்டும் வராதீங்க. அதை நாம உக்காந்து பேசலாம். எவ்வளவு நாளானாலும் சரி.

இப்படிக்கு,
இன்னும் கோவத்தோட,
உங்க பிரதீபா