வூட்ல சொன்னாங்களாம்

பழவேற்காடு
12.2.1987

அன்பு மகன் ஷாகுல் ஹமீதுக்கு வாப்பா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் காவலில் இங்கே நானும் உம்மாவும் உன் தங்கை அமீனாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறோம். நீ நன்றாக இருப்பதாகத்தான் எழுதியிருக்கிறாய், ஆனால் கூட அனுப்பிய போட்டோவில் கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது. ஷார்ஜா வெயில் என்று சொல்லி என்னை ஏமாற்றப் பார்க்காதே, வேளைக்குச் சாப்பிடு. இதில் எழுதுகிற சங்கதியை உன்னோடு வைத்துக்கொள். உன் அறையில் இருக்கும் நம்மூர்ப் பையன்களிடம் மூச்சு விடாதே, இன்று நீ அவர்களிடம் சொன்னால் அடுத்த தபாலில் அது நம் தெரு முழுக்கத் தெரிந்துவிடும், அப்புறம் ஆளாளுக்கு என்னிடம் வந்து ஒன்றும் தெரியாதது போல விசாரிப்பார்கள்.

பழைய வீட்டை இடித்து மாடி வைத்துக் கட்டலாம், நாளைக்குப் பெண் பார்க்கப் போகிற இடத்தில் மதிப்பாக இருக்கும் என்று எழுதியிருந்தாய் அல்லவா, எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. போன மழையில் அடுக்களைக்குள் குடை பிடித்துக்கொண்டு சமைக்காத குறைதான், சுவரில் சாய்ந்தால் சட்டையெல்லாம் சுண்ணாம்பு. கொத்தனார் ரங்கனைக் கூட்டிவந்து அளவு பார்த்தேன். நமக்கும் பக்கத்து வீட்டுக் கைருன் பீவி பெரியம்மாவுக்கும் நடுவில் இருக்கிற சுவரை எடுக்காமல் தூண் நிறுத்த முடியாது என்றான். சரி, எடு என்று சொல்லிவிட்டேன். அடுத்த வாரமே வாசலில் மதராஸிலிருந்து வந்த ஒரு படித்த பெண், கழுத்தில் கேமரா, கூடவே பஞ்சாயத்துக் கிளார்க் சாலமன். அந்தப் பெண் நம் கதவைத் தடவிப் பார்க்கிறாள், சுவரைத் தட்டிப் பார்க்கிறாள், நிலையைப் படம் எடுக்கிறாள். என்னம்மா என்று கேட்டால், ஊரில் இருக்கிற முக்கியமான பழைய கட்டடங்களைப் பஞ்சாயத்து ஒரு பட்டியலாகப் போட்டுத் தீர்மானம் செய்யப்போகிறதாம், அதில் நம் வீடும் இருக்கிறதாம். கிளிஞ்சல் சுண்ணாம்புக் கட்டு, பர்மா தேக்கு உத்தரம், இது ஒரு புராதனச் சின்னம் சார் என்கிறாள். எந்தக் கட்சிச் சின்னம் என்று நான் கேட்டேன், சாலமன் சிரித்துவிட்டான், அவளுக்குப் புரியவில்லை. பிறகுதான் சாலமன் மெதுவாக விஷயத்துக்கு வந்தான். பட்டியலில் ஏறிவிட்டால் பஞ்சாயத்தைக் கேட்காமல் ஒரு செங்கல்லைக்கூட எடுக்க முடியாதாம், ஆட்சேபணை இருந்தால் மாதக் கடைசிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். நாம் இடிக்கப் போகிற நேரம் பார்த்து இவர்களுக்கு எப்படி அக்கறை வந்தது?

நம்மூரில் இதுவரை சர்க்கார் காப்பாற்றின கட்டடம் எது என்று நீயே யோசித்துப் பார். டச்சுக்காரன் கல்லறை. நீலப் பலகை, இரும்பு கேட், பூட்டு, மீறினால் தண்டனை. உள்ளே படுத்திருக்கிறவர்களுக்கு மேலே ஒழுகினாலும் கவலை இல்லை, நமக்கு அப்படியா? இத்தனை வீடுகள் இருக்க நம் வீட்டை யார் காட்டிக் கொடுத்தது என்பதே என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. முதலில் பிரசிடென்ட் வீரராகவன் மேல்தான் சந்தேகம். போன தேர்தலில் நான் அவருக்குப் போடவில்லை, அது அவருக்கும் தெரியும், அப்படி இருந்தும் இப்போதெல்லாம் என்னைக் கண்டால் இரண்டு கையும் எடுத்துக் கும்பிடுகிறார். அடுத்து இறால் வியாபாரி பச்சைமுத்து. ஐஸ் வைக்க நம் கொல்லைப்புறத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தவன், வீட்டை இடிக்க முடியாமல் போனால் மலிவாகக் கிடைக்கும் என்று கணக்குப் போட்டிருப்பான். படகுத்துறையில் என்னைப் பார்த்தவுடன் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தான். காரணம் இல்லாமல் டீ வாங்கிக் கொடுக்கிறவனை நான் நம்புவதில்லை. குடித்தேன், அது வேறு விஷயம்.

பொறுக்க முடியாமல் பஞ்சாயத்து ஆபீசுக்கே போய், எங்கள் வீட்டுப் பேரை யார் கொடுத்தது என்று வீரராகவனிடம் நேராகவே கேட்டேன். அவர் சாலமனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, இன்னா பாய், நாங்களா தேடி வந்தோம், உங்க வூட்லதான் சொன்னாங்க என்றார். அப்படியானால் நம் வீட்டுக்குள் வந்து போகிற யாரோ, நம் வீட்டுக்குள் வைத்தே சொல்லியிருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டு வந்தேன். ரங்கன் அன்றைக்கு முழுக்க உள்ளேதான் அளந்துகொண்டிருந்தான், அவன் மச்சான் பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டியில் வேலை செய்கிறான், எனவே இனிமேல் நான் சொல்லியனுப்பாமல் இந்தப் பக்கம் வரவேண்டாம் என்று ரங்கனிடம் சொல்லிவிட்டேன். பால்காரி குப்பம்மாளையும் அடுக்களை வரை வராதே, படியிலேயே ஊற்றிவிட்டுப் போ என்றேன். அவளுக்கு வந்ததே கோபம். இன்னா பாய், பால்ல தண்ணி ஊத்தறன்னு சொல்லு, கேட்டுக்கறேன், வூட்டக் காட்டிக் குடுத்தன்னு மட்டும் சொல்லாதன்னு தெருவே கேட்கக் கத்தினாள். இருந்தும் என் மனம் ஆறவில்லை. நம் தெருவில் பெண்கள் வீதியில் இறங்காமல் வீட்டுக்கு வீடு போய்வர உள்ளே வாசல் வைத்திருக்கிறார்கள் அல்லவா, நடுச்சுவரில் இருக்கிற அந்த வாசல் வழியாகத்தானே கைருன் பீவி பக்கத்து ஆட்கள் நம் வீட்டுக்குள் வருகிறார்கள் என்று தோன்றியது. உடனே அதற்கு நம் பக்கத்தில் தாழ்ப்பாள் போட்டுவிட்டேன்.

உம்மா அசர் தொழுதுவிட்டு வந்து பார்த்தாள். தாழ்ப்பாளை எடுத்தாள். யாருக்குப் பயந்து இதைப் போட்டீர்கள் என்று கேட்டாள். நான் பிரசிடென்ட் சொன்னதைச் சொல்லி, வீட்டில் சொன்னார்களாம், வீட்டில் யார் என்று கண்டுபிடிக்கும்வரை கதவு சாத்தியே இருக்கட்டும் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அப்புறம் சொன்னாள், இந்த ஊர்ல எந்த ஆம்பள பொஞ்சாதி பேரச் சொல்றான், நீங்களே கடையில நின்னுக்குனு எங்க வூட்ல புளி வாங்கியாரச் சொன்னாங்கன்னுதான் கேக்கறீங்க, வூட்லன்னா யாரு, நான்தான் என்றாள். ஊரையே சந்தேகப்பட்ட எனக்கு அந்தச் சாதாரணப் பேச்சு புரியாமல் போய்விட்டது, பார். உன் உம்மா வெளி ஆட்களிடம் பேசுவாள் என்று கனவில்கூட நான் நினைக்கவில்லை. அந்த மதராஸ் பெண் முதலில் வந்தது கைருன் பீவி வீட்டுக்குத்தானாம். அங்கே உம்மாதான் அவளைக் கையைப் பிடித்து, உள்வாசல் வழியாகத் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் வீடு வீடாகக் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறாள். எங்கள் வீட்டுக்காரர் நடுச்சுவரை இடிக்கப் போகிறார், அதை முதலில் எழுதிக்கொள் என்று சொன்னதும் அவள்தான்.

எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. புருஷனிடம் சொல்லாததை ஊர் பேர் தெரியாத பெண்ணிடம் சொல்வதா என்று கத்தினேன். அவள் கத்தவில்லை. அக்கா வூட்டு உத்தரமெல்லாம் நம்ம சுவத்துமேலதான் உக்காந்துக்குது, இத எடுத்தா அவ கூரை நிக்குமா, அவ வூட்டுக்காரரும் போய்ட்டாரு, கட்டிக் குடுக்க அவளுக்குப் புள்ளையா கீது, ரங்கனக் கேட்டீங்க, ஷார்ஜால கீற புள்ளையக் கேட்டீங்க, இப்ப பால்காரி வரைக்கும் கேட்டுட்டீங்க, என்னை ஒரு வார்த்த கேட்டீங்களா என்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது மகனே, இந்த வயதில் இதை உனக்கு எழுதுகிறேன். மறுநாள் காலையில் அந்த வாசல் வழியாக அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். உத்தரங்களின் முனைகள் வரிசையாக நம் சுவருக்குள் நுழைந்திருக்கின்றன, அவற்றின் கீழேதான் கைருன் பீவியின் கட்டில் கிடக்கிறது. வாங்க மச்சான் என்று எழுந்து தலையில் முக்காட்டை இழுத்துக்கொண்டு தேநீர் கொடுத்தாள், இடிக்கிறதைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை.

ஆட்சேபணை எழுதவில்லை. இன்னும் நாள் இருக்கிறது, ஆனால் பேனா ஓடவில்லை. பஞ்சாயத்தை நம்பிவிட்டேன் என்று நினைக்காதே. அடுக்களைக் கூரையை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டால் தாராளமாக பாய் என்று சாலமன் வாயால் சொல்கிறான், அந்தத் தாராளத்தைக் கையெழுத்தோடு கொடு என்று தினமும் போய் நிற்கிறேன். பச்சைமுத்து எதற்கு டீ வாங்கிக் கொடுத்தான் என்பதும் இன்றுவரை விளங்கவில்லை. குப்பம்மாளை உள்ளே வரச் சொல்லிவிட்டேன், வருகிறாள், பால் முன்பைவிடத் தண்ணீராக இருக்கிறது, நான் வாயைத் திறக்கவில்லை.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் ஹலாலான சம்பாத்தியமும் நல்ல குணமுள்ள துணையும் தரட்டும். ராத்திரி ஷிப்ட் முடிந்து தனியாக நடக்காதே, உன் பாஸ்போர்ட் கம்பெனிக்காரன் கையில் இருக்கிறதா உன் கையில் இருக்கிறதா என்று மறக்காமல் எழுது. இன்னொன்று. வீட்டை இடிக்கலாம் என்று நீ எனக்கு எழுதினாய், நான் சரி என்றேன், இரண்டு பேரும் முடிவு செய்துவிட்டோம். உன் கடிதங்களில் உம்மாவுக்கு வருவது கடைசியில் ஒரு சலாம் மட்டும்தான். இந்த முறை உறையின்மேல் பரக்கத் பீவி என்று எழுது. வீட்டை என்ன செய்யலாம் என்று அவளையே கேள். நான் பிரிக்க மாட்டேன், அமீனா படித்துக் காட்டுவாள். இவ்வளவு காலத்தில் இந்த வீட்டுக்கு அவள் பேருக்கு ஒரு கடிதம்கூட வந்ததில்லை.

இப்படிக்கு,
உன் வாப்பா,
கௌஸ் மைதீன்