வாளியில் நனைந்த தீர்மானம்

புதன்கிழமை, முற்பகல்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். உன் உடம்பும் வேலையும் நல்லபடியாக இருக்கட்டும். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது, பழக்கதோஷம். எல்லோரும் என்று சொல்ல இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அந்த இரண்டு பேர் எப்படி இருக்கிறோம் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் அந்தக் கேலிச்சித்திரம். நேற்றைய பத்திரிகையில் வந்தது, நீயும் அங்கே பார்த்திருப்பாய். நான் ஒரு பெரிய வாளிக்குள் சபைக் கட்டடத்தைப் போட்டுக் கும்முகிறேன். பின்னால் கொடியில் எதிர்க்கட்சித் தலைவரான உன் அப்பா, இரண்டு காதிலும் கிளிப் மாட்டித் தொங்குகிறார். ஊரே சிரிக்கிறது. ரொட்டிக்கடையில் ஒரு பெண் என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள். சிரித்துவிட்டுப் போகட்டும். ஆனால் என் கை அவ்வளவு பருமன் இல்லை, அதை மட்டும் நீ நம்பாதே.

செய்தி உனக்குத் தெரிந்ததுதான். அரசாங்கத்தின் மேல் கொண்டுவர இருந்த நம்பிக்கையில்லாத் தீர்மானம், நம் கட்சியின் நாற்பத்தொரு உறுப்பினர்கள் கையெழுத்துப் போட்ட தாள், அப்பாவின் சட்டைப் பையில் இருந்தது. திங்கட்கிழமை காலையில் நான் பையைப் பார்க்காமல் சட்டையைச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டேன். மை கரைந்துவிட்டது. எல்லோருக்கும் தெரிந்த கதை இவ்வளவுதான். மீதியை உனக்கு மட்டும் சொல்கிறேன். தொலைபேசியில் சொல்ல முடியாது. நாம் பேசும்போதெல்லாம் மூன்றாவதாக ஒருவர் மூச்சு விடுவது கேட்கிறது. தபாலையும் நம்பவில்லை. பக்கத்து வீட்டுப் பல் டாக்டரின் மருமகள் அடுத்த செவ்வாய்க்கிழமை உன் ஊர்ப் பக்கம் வருகிறாள், அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். படித்துவிட்டுக் கிழித்துப் போடு. கிழிக்க மாட்டாய் என்பதும் தெரியும்.

நீ அப்பாவோடு பேசி ஆறு வாரம் ஆகிறது. கடைசியாகப் பேசியபோது உன் குரல் அடுக்களை வரைக்கும் கேட்டது. உன்னோடு இங்கே மருந்தகத்தில் வேலை பார்த்தவர்கள் உனக்கு எழுதுவதையெல்லாம் சொன்னாய். "வார்டுல மருந்து இல்லாம ஆளுங்க சாகுறாங்க. அரசாங்கம் ஆடிக்கிட்டு நிக்குது. நீங்க ஒரு தள்ளு தள்ள மாட்டேங்கறீங்க. நீங்க பயந்தாங்கொள்ளிப்பா" என்றாய். அவர் "சரிம்மா" என்று சொல்லி வைத்துவிட்டார். அதிலிருந்து தொலைபேசி மணி அடித்தால் எழுந்து நிற்கிறார். நான் எடுத்து யார் என்று சொன்னதும் உட்கார்ந்துகொள்கிறார்.

வீட்டில் ஆட்களுக்குக் குறைவில்லை. காலை ஏழு மணிக்கே கூடத்தில் செருப்புகள் குவிந்துவிடும். ஒரு நாளைக்கு நாற்பது கோப்பையாவது கழுவுகிறேன். ஆனால் "அண்ணி, டீ" என்பதைத் தவிர யாரும் என்னிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அப்பாவிடமும் அவர்கள் பேசுவதில்லை, அவரைச் சுற்றி உட்கார்ந்து ஒருவரோடொருவர் பேசிக்கொள்கிறார்கள். அவர் முன்பெல்லாம் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுச் சபையில் பேசப்போவதைச் சொல்லிப் பார்ப்பாரே, "மாண்புமிகு சபாநாயகர் அவர்களே" என்று, நீயும் நானும் கதவுக்கு வெளியே நின்று மேசையைத் தட்டுவோமே. இப்போது குழாய்ச் சத்தம் மட்டும்தான் வருகிறது. குழாயில் தண்ணீர் வராத நாளில் அதுவும் இல்லை.

துணைத்தலைவரை நினைவிருக்கிறதா? நீ கைக்கடிகாரம் என்று பெயர் வைத்தவர்தான். இப்போதும் ஒரு வாக்கியத்துக்கு இரண்டு தடவை மணி பார்க்கிறார். தீர்மானத்தைத் தயாரித்து எல்லோரிடமும் கையெழுத்து வாங்கியது அவர்தான். "பழம் கனிஞ்சிருச்சு தலைவரே, நாம பறிக்கலேன்னா காக்கா கொத்திரும்" என்கிறார். இன்னும் சிலர், அதுவாகவே விழட்டும், நாம் ஏன் கையை அழுக்காக்கிக்கொள்ள வேண்டும் என்கிறார்கள். வெளியே வேறு பேச்சு. தலைவர் பெட்டி வாங்கிவிட்டார், அதனால்தான் வாயடைத்துப் போயிருக்கிறார் என்று. இந்த வீட்டுக்குள் இருக்கிற ஒரே பெட்டி அவருடைய மாத்திரைப் பெட்டிதான். அதிலும் பாதி அறை காலி. இரத்த அழுத்த மாத்திரை கடைகளில் இல்லை, இருப்பதைப் பாதியாக உடைத்துப் போடுகிறார். கட்சிக்காரர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து தருவித்துத் தருகிறேன் என்றதற்கு, வரிசையில் நிற்கிறவனுக்கு யார் தருவித்துத் தருவார்கள் என்று கேட்டுவிட்டார். உன் தொழில் மருந்து, இதைப் படித்ததும் உனக்குக் கோபம் வரும். எனக்கும் வந்தது.

ஏன் இப்படி இழுத்தடிக்கிறீர்கள் என்று நான் ஒரே ஒரு தடவைதான் கேட்டேன். போன வாரம் மதியம், நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன், எதிரே வந்து உட்கார்ந்தார். "கவுக்கிறது ஒரு நாள் வேலை. மறுநாள் காலையில மருந்து எங்கேன்னு என்னைக் கேப்பாங்க. என்கிட்டயும் இல்லையே. இருக்குன்னு சொல்லித்தானே அந்த நாற்காலியில உக்காரணும்" என்றார். பிறகு, "போன தடவையும் அப்படித்தான் சொல்லி உக்காந்தேன்" என்றார். நான் நறுக்குவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் எழுந்து போய்விடுவார் என்று தோன்றியது.

போன தடவை உனக்குப் பன்னிரண்டு வயது. ஊர்வலம், மாலை, தோளில் தூக்கிக்கொண்டு போனது, அதெல்லாம் உனக்கு நினைவிருக்கும். ஒரு அரசாங்கத்தைக் கவிழ்த்துவிட்டு ஒன்பது மாதம் ஆண்டார். எல்லோருக்கும் வேலை என்று மேடையில் சொன்னவர், ஐந்தாவது மாதம் பேருந்துப் பணிமனைகளை மூடும் உத்தரவில் கையெழுத்துப் போட்டார். வேறு வழி இல்லை என்று அதிகாரிகள் சொன்னார்கள். இருந்திருக்காது என்றுதான் நானும் நினைக்கிறேன். தோளில் தூக்கியவர்களே பணிமனை வாசலில் நின்று அவர் பெயரைச் சொல்லித் திட்டினார்கள். அதில் உன் தாய்மாமாவும் ஒருவன். பதினேழு வருடம் அங்கே மெக்கானிக்காக இருந்தவன். அன்றைக்கு நம் வீட்டுப் படியிறங்கியவன்தான், பதினான்கு வருடமாகிறது, இந்தப் பக்கம் திரும்பவில்லை. இரண்டு தெரு தள்ளித் தண்ணீர்ப் பம்பு பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறான். கூடப்பிறந்தவனைத் தெருமுனையில் வைத்துக்கொண்டு நான் ஒண்டியாக இருக்கிறேன்.

பத்து நாள் முன்னால் எரிவாயு வரிசையில் அவனைப் பார்த்தேன். எனக்கு முன்னால் ஐம்பது அறுபது பேருக்கு அப்பால் நின்றான். என்னைப் பார்த்துவிட்டான். தன் இடத்தை விட்டு வந்து, என் காலி சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போய் அவன் இடத்தில் வைத்து, என்னை அங்கே நிற்க வைத்தான். அவன் வரிசையின் கடைசிக்குப் போய்விட்டான். நான் சிலிண்டரோடு திரும்பும்போது, தலையைக் குனிந்தபடியே, "அத்தான் இளைச்சுப் போயிட்டாராமே? நான் கேட்டதா சொல்லாதே அக்கா" என்றான். நானும் சொல்லவில்லை. அன்றைக்கு முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

இப்போது திங்கட்கிழமைக்கு வருகிறேன். நாற்பத்தொரு பேரும் போட்ட பிறகு கைக்கடிகாரம் தாளை அப்பாவிடம் கொடுத்திருந்தார். முதல் வரி தலைவருக்கு. வீட்டில் போட்டுக்கொள்கிறேன் என்று வாங்கிச் சட்டைப் பையில் வைத்தவர், பதினொரு நாள் அதைப் பையிலேயே சுமந்தார். சட்டை மாறும், தாள் கூடவே மாறும். அப்பாவின் வழக்கம் உனக்குத் தெரியும். சட்டையைக் கழற்றுமுன் சாவி, கண்ணாடிக்கூடு, பேனா, துண்டுச்சீட்டு எல்லாவற்றையும் அலமாரித் தட்டில் வரிசையாக வைத்துவிட்டுத்தான் அழுக்குக் கூடையில் போடுவார். முப்பத்தொரு வருடத்தில் ஒரு பேருந்துச் சீட்டுக்கூட நான் துவைத்ததில்லை. அப்படியிருந்தும் நான் பையைத் தடவாமல் ஒரு சட்டையையும் தண்ணீரில் போட்டதில்லை. இது அவருக்கும் தெரியும்.

திங்கட்கிழமை தட்டில் சாவி இருந்தது, கண்ணாடிக்கூடு இருந்தது, பேனா இருந்தது. தாள் கூடைக்குள், சட்டைப் பையில் இருந்தது.

விரித்துப் பார்த்தேன். கீழே நாற்பத்தொரு கையெழுத்து, முதல் வரி வெறுமையாக இருந்தது. அந்த நேரம் வாசலில் கைக்கடிகாரத்தின் கார் வந்து நின்றது. தாளை வாங்கிக்கொண்டு பத்து மணிக்குள் சபைச் செயலாளரிடம் கொடுக்க வந்திருந்தார். வாங்கியதும் பிரித்துப் பார்ப்பார். பதினொரு நாளாகத் தலைவர் தன் பெயரைப் போடவில்லை என்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். நான் யோசித்தேன் என்று சொல்ல முடியாது. தாளை மடித்துத் திரும்பப் பையில் வைத்தேன், சட்டையை வாளியில் போட்டு அமுக்கினேன். மின்சாரம் இல்லாததால் கையால்தான் துவைக்க வேண்டியிருந்தது. நன்றாகவே கசக்கினேன்.

கைக்கடிகாரம் தலையில் அடித்துக்கொண்டார். "அண்ணி, நாப்பத்தோரு பேரு!" என்றார். வயசாயிடுச்சு தம்பி, பாக்காம முக்கிட்டேன் என்றேன். அப்பா கூடத்து வாசலில் நின்றுகொண்டிருந்தார். "அவ மேல தப்பில்ல, நான்தான் எடுத்து வைக்கலை" என்றார். என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் இதைப் பற்றிப் பேசவே இல்லை. ஒரே கட்டிலில் படுக்கிறோம், ஒரே மேசையில் சாப்பிடுகிறோம், பேசவில்லை.

அவர் செய்வது சரி என்று வாதாட இதை எழுதவில்லை. நீ சொன்னது சரிதான், அவருக்குப் பயம்தான். எதற்குப் பயம் என்று மட்டும் நீ கேட்கவில்லை. நான் வேண்டிக்கொள்வதெல்லாம் ஒன்றுதான். அவர் ஒரு கையெழுத்துப் போட்டு என் தம்பி போனான். இப்போது போடாமல் என் மகளும் போய்விடுவாளோ என்று இருக்கிறது.

வியாழக்கிழமை, மதியம்

உறையை ஒட்டாமல் வைத்தது நல்லதாகப் போயிற்று. மை நிறம் மாறியிருப்பதைக் கவனித்திருப்பாய். இது அப்பாவின் பேனா.

காலையில் கைக்கடிகாரம் புதுத் தாளோடு வந்தார். முப்பத்தொன்பது கையெழுத்துதான். இரண்டு பேருக்குத் திடீரென்று வெளியூரில் வேலை வந்துவிட்டதாம். நாளைக்குச் சபை கூடுவதோடு சரி, பிறகு இரண்டு மாதம் விடுமுறை. அதனால் நாளைக் காலை பத்து மணிக்குள் கொடுத்தாக வேண்டும். "இந்தத் தடவை பையில வேணாம் தலைவரே" என்று என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கோபம் வந்தாலும் டீ கொடுத்தேன்.

அவர் போன பிறகு அப்பா தாளைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்தார். பக்கத்தில் பேனா. நான் அதைத் தொடாமல் தட்டை வைத்தேன். பாதி சாப்பிட்டவர், தலையை நிமிர்த்தாமல், "உன் தம்பி இப்ப கடையில இருப்பானா?" என்று கேட்டார்.

பதினான்கு வருடத்தில் முதல் தடவை கேட்கிறார். ஒரு மணிக்குத்தான் கடையைச் சாத்துவான், இப்போதே போனால் பார்க்கலாம் என்றேன். பிறகு தம்பிக்குக் கொடுத்த வாக்கையும் மீறிவிட்டேன். "நீங்க இளைச்சுட்டீங்களான்னு விசாரிச்சான்" என்றேன். அப்பா கையைக் கழுவித் துண்டில் துடைத்துக்கொண்டார். தாளை மடித்துப் பையில் வைத்தார். செருப்பை மாட்டினார். வாசலில் காவலர்கள் எழுந்தபோது, உட்காருங்கப்பா, இங்க பக்கத்துலதான் என்று சொல்லிவிட்டுத் தனியாக நடந்தார்.

பேனாவை மறந்துவிட்டுப் போய்விட்டார். வெளிக்கதவைத் தாண்டும்வரை என் கையில்தான் வைத்திருந்தேன். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

போய் ஒன்றரை மணி நேரம் ஆகிறது. இரண்டு தெரு, நடந்தால் ஐந்து நிமிடம். தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தால் இதற்குள் வந்திருப்பார். என்ன பேசுகிறார்களோ, பேசாமல்தான் உட்கார்ந்திருக்கிறார்களோ. அவர் சாப்பிட்ட மீதியை மூடி வைத்திருக்கிறேன். கூடத்தில் இன்றைக்கு ஒரு ஜோடிச் செருப்புக்கூட இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன், நிமிர்ந்து தெருவைப் பார்க்கிறேன், மறுபடி எழுதுகிறேன்.

இது உன் கைக்கு வரும்போது, போட்டாரா இல்லையா என்று உனக்கு எப்போதோ தெரிந்திருக்கும். போட்டிருந்தால் தெருவெல்லாம் அவர் பெயரைக் கத்தும், ஐந்தாவது மாதம் வேறு மாதிரி கத்தும். போடாவிட்டால் காறித் துப்பும். எதுவானாலும் சரி, நீ ஒரு தடவை கூப்பிடு. தீர்மானத்தைப் பற்றி ஒன்றும் கேட்காதே. மாத்திரை போட்டீங்களாப்பா என்று மட்டும் கேள். போட்டேன் என்பார். பாதிதான் போட்டிருப்பார். நம்பியது போல இருந்துவிடு. மூன்றாவதாக மூச்சு விடுகிறவரும் கேட்டுவிட்டுப் போகட்டும்.

எங்கிருந்தாலும் நீ நன்றாயிருக்க வேண்டும், கண்ணே. மணி அடித்தால் இனி நான் எடுக்கப்போவதில்லை. அவரே எடுக்கட்டும்.

உன்
அம்மா