பூனைக்கு வைத்த கேமரா

என்னங்க,

ஹால் கேமரா தானா திரும்புதுன்னு பயப்படாதீங்க, அதுக்குப் பேய் ஒண்ணும் புடிக்கல. கேக்கைப் பூனைதான் தின்னுதுன்னு சாதிச்சு, கேமரா டெக்னீஷியனா இருக்கிற பொண்டாட்டி என்னைக் கிட்டவே சேர்க்காம, சமையலறைக் கேமராவை நீங்களே மாட்டினீங்கல்ல? அதுக்கும் ஹால் கேமராவோட அடையாள எண்ணையே வெச்சிருக்கீங்க. ஒரே எண்ணுன்னா, கேமராவைத் திருப்புற ஜாய்ஸ்டிக்கை ஆட்டினா ரெண்டும் சேர்ந்துதான் திரும்பும். நேத்து நீங்க சமையலறைக் கேமராவைச் சுவர் பக்கம் திருப்பினப்போ, ஹால் கேமரா, அங்கிருந்து தெரியுற ஃப்ரிட்ஜ் பக்கம் திரும்பிடுச்சு. பதிவைப் பார்த்தேன். பூனை மூக்குக்கண்ணாடி போட்டிருக்கு!

சோறு அடுப்பு மேல இருக்கு. நான் இன்னும் கோபமாத்தான் இருக்கேன்.

பி.கு.: அந்த எண்ணை நான் வேணும்னேதான் மாத்தல. சர்க்கரை மாத்திரையைப் போட்டுட்டு கேமராவுக்கு வாயைத் திறந்து காட்டுங்க. அப்புறம் கேக் ஒரே ஒரு துண்டு. எந்தக் கேமராவா இருந்தாலும் சரி.