ஒன்பதாவது பெட்டி

மூன்று கிழமைக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை, ஒருவர் தன் மின்சார ஆட்டோவை இன்னொரு ஆட்டோவில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு என் கடைக்கு வந்தார். ஏற்றத்தில் இழுவை இல்லை என்றார். நான் இருக்கையைத் தூக்கி, பற்றரி மூடியைக் கழற்றினேன். இனிப்பாக ஒரு வாசம் வந்தது. கனிந்து அழுகத் தொடங்கிய பழமும் நகப்பூச்சும் கலந்தது போல. மூடியை அப்படியே வைத்துவிட்டுக் கீழே உட்கார்ந்துவிட்டேன்.

"இத இண்டைக்கு ஓட்ட வேணாம். இங்கேயே நிக்கட்டும்" என்றேன். பகலுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்ற வேண்டும் என்று அவர் வாதாடினார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பிலிமத்தலாவை வீதியில் போகிறவர்கள் நின்று பார்க்கிற அளவுக்கு அவரைச் சத்தம் போட்டேன். யாரோ தெரியாத ஒரு மனிதரிடம் அத்தனை சத்தமாகச் சொல்ல முடிந்த ஒரு பேச்சை, உன்னிடம் மெதுவாகக்கூட நான் சொல்லவில்லை.

பெட்ரோல் இல்லாத நாட்களில்தான் நீ எனக்குக் கிடைத்தாய். பெட்ரோல் செட்டிலிருந்து தொடங்கிய வரிசை என் கடையைத் தாண்டிப் போயிருந்தது. உன் வேன் இரண்டு நாள் என் கடை வாசலிலேயே நின்றது. முதல் நாள் தண்ணீர் கேட்டு வந்தாய். இரண்டாம் நாள் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, நான் தண்ணீர் மோட்டாருக்குச் செப்புக்கம்பி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாய். ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்டத்து ஆள் என்றாய். கண்டியில் ஒரு கார்ப் பந்தயக் குழுவில் ஒன்பது வருடம் வேலை செய்ததாகச் சொன்னாய். கார் கழுவுவது, டயர் மாற்றுவது, பந்தயக் காரைத் தொடக்கக் கோட்டுக்குக் கொண்டுபோய் நிறுத்துவது.

"கோடு வரைக்கும் நான் ஓட்டுவேன் நானா. அதுக்கு மேல வேற ஆளு ஏறிக்குவாரு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். முஸ்லிம்களை அண்ணன் முறையில் கூப்பிடுகிற 'நானா' அன்றே உன் வாயில் வந்துவிட்டது. ஒன்பது வருடத்தில் ஒரு தரமாவது ஓட்டக் கேட்கவில்லையா என்றேன். கேட்டிருக்கிறாய். அவர்களும் சிரித்திருக்கிறார்கள்.

வசந்தி மிஸ் அந்த நேரத்தில்தான் எரிந்துபோன தன் வீட்டு மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். பேராதனைப் பக்கம் வாடகைக்கு இருந்துகொண்டு, தொழில்நுட்பக் கல்லூரி ஒன்றில் மின்பொறியியல் படிப்பித்துக்கொண்டிருந்தார். நாம் பேசுவதைக் கேட்டுக்கொண்டு நின்றவர், "பெட்ரோல் வேண்டாமெண்டா கரண்டிலை ஓடுறதைச் செய்யுங்கோவன். அடிபட்ட கார் ஒண்டு கிடைச்சால் சொல்லுங்கோ, நானும் வாறன்" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அடுத்த கிழமையே நீ ஒரு காரைத் தேடிப் பிடித்துவிட்டாய். முன்பக்கம் நொறுங்கிய சின்ன மின்சாரக் கார். மோட்டாரும் பற்றரியும் தப்பியிருந்தன.

கடைக்குப் பின்னால் எட்டு மாதம் உழைத்தோம். மோட்டார் என் பொறுப்பு. பற்றரியும் மற்றக் கணக்குகளும் வசந்தி மிஸ்ஸுடையவை. இருபத்து நான்கு பற்றரிப் பெட்டிகளைக் காரின் அடியில் வரிசையாக அடுக்கி, அவற்றுக்குக் கீழே கல் படாமல் ஒரு தடித்த அலுமினியத் தகடு போட்டார். பாரத்தைக் குறைப்பது உன் வேலை. கதவின் உட்பக்கத்தைக்கூட அரிந்து எறிந்துவிட்டாய். நம் குழுவுக்கு "த்ரீ ஃபேஸ்" என்று பெயர் வைத்ததும் மிஸ்தான். மூன்று கம்பியில் ஒன்று அறுந்தாலும் மோட்டார் ஓடாது என்றார்.

முதல் மலையேற்றப் பந்தயம் உனக்கு நினைவிருக்கும். வீதியை மூடி, கீழிருந்து மேலே ஒவ்வொரு காராக ஓடவிடுகிற பந்தயம். நம்மை எந்தப் பிரிவில் போடுவது என்று தெரியாமல் 'ஏனையவை' என்று எழுதினார்கள். கொடி விழுந்தது. நீ போய்விட்டாய். சத்தமே வராததால் ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டிருந்தவர் அதைக் கவனிக்கவில்லை. "இன்னும் ஸ்டார்ட் ஆகவில்லை போலிருக்கிறது" என்று அவர் சிங்களத்தில் சொல்லிக்கொண்டிருக்கும்போது நீ மூன்றாவது வளைவைத் தாண்டியிருந்தாய். அன்று எல்லாக் கார்களிலும் நாம் இரண்டாவது. நீ இறங்கியதும் தலைக்கவசத்தைக் கழற்றாமலே நின்றாய். அழுதிருக்கிறாய் என்று பிறகு உன் மனைவி புஷ்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அடுத்த பந்தயத்தில் முதலிடம். அதற்கடுத்ததிலும் முதலிடம். உன் தோட்டத்துப் பெண்கள் அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு லொறியில் வந்து இறங்கினார்கள். "வண்டிதான் சத்தம் போடாதுல்ல, நாங்க போடுறோம்" என்று அவர்கள் கூவியதில் மலை அதிர்ந்தது. பத்திரிகைக்காரர்கள் கடைக்கு வந்தார்கள். கண்டி மார்க்கட்டில் சாமான் வாங்கப் போனால் "அந்தக் கரண்ட் கார் நானாவா?" என்று கேட்டார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது. இப்போது மறைத்து என்ன செய்ய? மிகவும் பிடித்திருந்தது.

கடைசிப் பந்தயத்துக்கு உன் பழைய குழு புதுக் காரோடு வருவதாக அறிந்தோம். தொலைக்காட்சியும் வருகிறது என்றார்கள். தகப்பனுக்குச் சுகமில்லை என்று வசந்தி மிஸ் யாழ்ப்பாணம் போயிருந்தார். பந்தயத்தன்று காலை, தொடங்கும் இடத்தில் நான் காருக்குக் கீழே படுத்து, பக்கத்து மூடியைத் திறந்து ஒவ்வொரு பெட்டியாகத் தொட்டுப் பார்த்தேன். ஒன்பதாவது பெட்டி உப்பியிருந்தது. கையால் தடவினாலே தெரிந்தது. பற்றரி உள்ளே கசிந்தால் வருகிற அந்த இனிப்பு வாசமும் இருந்தது.

மாற்றுப் பெட்டி கையில் இல்லை. சொன்னால் அன்று ஓட முடியாது. அவ்வளவுதான் விஷயம். ஓடாமல் திரும்பி வந்திருக்கலாம். நான் மூடியைப் பூட்டினேன்.

மிஸ்ஸின் அழைப்பு வந்தது. "எல்லாப் பெட்டியும் தொட்டுப் பாத்தனீங்களோ?"

"பாத்தேன் மிஸ். எல்லாம் சரி."

நீ ஏறி உட்கார்ந்து பட்டியைப் பூட்டும்போது மூக்கைச் சுளித்தாய். "என்னமோ இனிப்பா வாசம் வருதே நானா?"

"ஒண்டுமில்லடா. வார்னிஷ் வாசம். மோட்டார்க் கம்பிக்கு நேத்து தானே பூசினேன்."

ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தாய். பிறகு தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டாய்.

ஆறாவது வளைவில் புகை கிளம்பியது. கீழே நின்ற எனக்கு மரங்களுக்கு மேல் ஒரு வெள்ளைக் கீற்று மட்டும் தெரிந்தது. வளைவின் வெளிப்பக்கம் உன் தோட்டத்துச் சனம் நின்றதாம். நிறுத்தி இறங்கியிருந்தால் கார் பின்னோக்கி உருண்டு அவர்கள் மேல் போயிருக்கும் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். நீ ஸ்டியரிங்கை விடவில்லை. எரிகிற காரை மலைப்பக்கம் திருப்பி, மண்ணில் மோதி நிறுத்தியபிறகே இறங்கினாய். நான் ஓடி வந்து சேரும்போது வீதியில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி வைத்திருந்தாய், யாரோ எதையோ தருவார்கள் என்பது போல. கையுறை தோலோடு ஒட்டியிருந்தது.

ஒரு மாதம் கழித்து விசாரணை. பந்தயத்தை நடத்துபவர்கள் மூன்று பேர் மேசைக்கு அந்தப் பக்கம். நீ கட்டுப்போட்ட கைகளை மடியில் வைத்துக்கொண்டு சிங்களத்தில் சொன்னாய்: ஆறாவது வளைவில் ஓரக் கல்லில் அடிப்பக்கம் இடிபட்டது, தகடு நசுங்கியிருக்கும், ஓட்டியது நான், பிழை என்னுடையது. கார் முழுவதும் எரிந்து தகடும் உருகிப் போயிருந்ததால் யாராலும் மறுக்க முடியவில்லை. நான் உனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. மின்சாரக் கார்களை இனி எடுப்பதில்லை என்று முடிவு சொன்னார்கள். எரிந்த கூட்டை இரும்புக்காரனிடம் கொடுத்தோம். த்ரீ ஃபேஸ் அதோடு முடிந்தது.

வசந்தி மிஸ் யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டார். போகிற அன்று கடைக்கு வந்தார். "ஒரு கல்லுக்கு நசுங்கிற மாதிரித் தகடு போட்டிருக்கிறன். அவரின்ரை கையைப் பாக்க என்னால ஏலாம இருக்கு" என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் அதை ஆமோதிப்பு என்று எடுத்துக்கொண்டிருப்பார்.

உன் வலது கையில் இரண்டு விரல் மடங்கவே இல்லை. வேனை விற்றுவிட்டு, கண்டியில் ஒரு கட்டடத்துக்குக் காவலுக்கு நின்றாய். ஒரு நாள் வேலை முடிந்து என் கடைக்கு வந்து, பழைய கதிரையில் உட்கார்ந்தாய். அந்தக் கையை என் மேசைமேல் வைத்தாய்.

"வார்னிஷ் ஒரு நாளும் இனிப்பா மணக்காது நானா. ஒங்க கடையில எத்தன நாள் ஒக்காந்திருக்கேன்."

என் கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தேன். தெரிந்தா ஏறினாய் என்று கேட்டேன்.

"தெரிஞ்சுதான். எறங்குனா மறுபடி ஏற விடமாட்டாங்கன்னு பயம். தப்பு பண்ணது நீங்க மட்டும் இல்ல, நானுந்தான்."

"அப்ப ஏன் அங்க அப்பிடிச் சொன்ன?"

"எனக்குக் கையி போச்சு. ஒங்களுக்குக் கடையும் போகணுமா? அத விடுங்க. மிஸ்ஸுகிட்ட மட்டும் சொல்லிருங்க நானா. பாவம், அவங்க தகட்டால தான்னு நெனச்சிக்கிட்டு இருக்காங்க."

அப்போது நான் என்ன சொன்னேன் தெரியுமா? "டீ குடிக்கிறியா?" என்றேன். நீ சிரித்தாய். குடித்துவிட்டுப் போனாய். அதற்குப் பிறகும் பல தரம் வந்தாய். ஒரு தரமும் அதைத் திரும்பக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ.

டெங்குக் காய்ச்சல் உன்னை ஆறு நாளில் கொண்டுபோய்விட்டது. உன்னை அடக்கம் செய்த அன்று மழை. வசந்தி மிஸ் அவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்திருந்தார். என் குடைக்குள் நின்று, "அவர் என்னை ஒரு சொல்லும் சொல்லேல்லை, பாத்தீங்களோ?" என்றார். அப்போதும் என் வாய் திறக்கவில்லை.

அந்த ஆட்டோ வந்த திங்கட்கிழமைக்கு அடுத்த வெள்ளி, ஜும்ஆத் தொழுகை முடிந்து நேராகப் போய் யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறினேன். மறுநாள் காலை மிஸ்ஸின் வீட்டு வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்பதாவது பெட்டி, தொலைபேசியில் சொன்ன பொய், வார்னிஷ். நான் முடித்ததும், "அவருக்குத் தெரியுமோ?" என்றார்.

"தெரியும் மிஸ். உங்களுக்குச் சொல்லச் சொன்னதே அவன்தான்."

"எப்ப?"

சொன்னேன். அவர் உள்ளே போய் ஒரு கொப்பியை எடுத்து வந்து என் முன்னால் விரித்தார். பக்கம் பக்கமாக அந்தத் தகட்டின் கணக்கு. எத்தனை மில்லிமீட்டர், எத்தனை வேகத்தில் எவ்வளவு பெரிய கல். அடித்து அடித்துத் திரும்பப் போட்டிருந்தார்.

"இது எங்கை பிழைச்சதெண்டு கண்டுபிடிக்கேலாமல் நான் படிப்பிக்கிறதையே விட்டிட்டன். தெரியுமோ உங்களுக்கு?"

தெரியாது.

"அவரின்ரை மனிசியிட்டைச் சொல்லீட்டீங்களோ?"

இல்லை என்றேன்.

"அங்கை போய்ச் சொல்லுங்கோ. இஞ்சை இனி வராதேங்கோ."

கேற்றைச் சாத்தினார். கோபமாக அறையவில்லை. மெதுவாகத்தான் சாத்தினார்.

போன ஞாயிற்றுக்கிழமை ஹுன்னஸ்கிரியவுக்குப் போனேன். புஷ்பா "வாங்க நானா" என்று உள்ளே கூப்பிட்டாள். நான் உட்காராமல், பிழை என்னுடையது என்று சொல்லத் தொடங்கினேன். பாதியில் நிறுத்திவிட்டாள்.

"தெரியும் நானா. காய்ச்சல்ல ஆஸ்பத்திரியில கெடக்கும்போது எல்லாத்தையும் சொன்னாரு. நானா ஒரு நாளைக்கு வந்து சொல்லுவாரு, வந்தா சண்ட போடாதன்னு சொல்லிட்டுத்தான் போனாரு."

அவள் ஒரு கதிரையை என் பக்கம் தள்ளினாள்.

"கருமாதிக்கு வருவீங்கன்னு பாத்தேன். முப்பதாம் நாளுக்கு வருவீங்கன்னு பாத்தேன். அப்ப வந்திருந்தா சண்ட போட்டிருக்க மாட்டேன்."

"இப்ப?"

"இப்ப எனக்குத் தெரியல நானா."

அவள் அழவில்லை. சோறு வெந்துகொண்டிருந்த அடுப்பைப் பார்க்கப் போனாள். திரும்பி வருவாள் என்று கொஞ்ச நேரம் நின்றேன். வரவில்லை. வீதிக்கு இறங்கி வந்தேன்.

கண்டி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது, சொல்ல வேண்டிய இருவரிடமும் சொல்லிவிட்டேன் என்று ஒரு ஆறுதல் வந்தது. தெல்தெனியா தாண்டும்போதுதான் அது போயிற்று. வசந்தி மிஸ்ஸிடம் "பிழை என்னுடையது" என்றேன். புஷ்பாவிடமும் அதையே சொன்னேன். இரண்டு இடத்திலும் நாக்கு தடுக்கவில்லை. உன்னிடம் மட்டும் அதை நான் சொன்னதே இல்லை. நீ எல்லாம் தெரிந்தவன் என்பதால் சொல்லத் தேவையில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தீப்பிடித்த நாளிலிருந்து நீ ஒன்றரை வருடம் உயிரோடு இருந்தாய். கண்டியிலிருந்து பிலிமத்தலாவைக்கு பஸ்ஸில் அரை மணித்தியாலம். நீ வந்தாய், நான் வரவில்லை. நான் தூக்கிக்கொண்டு திரிவது அந்தத் தீயை அல்ல, அந்த ஒன்றரை வருடத்தை.